சந்தமும் சக்திச் செலவும்: பெண்களின் குழு உடற்பயிற்சி பற்றிய ஒரு நோக்கு

அடியில் வில்லமைப்புப் பொருத்திய துள்ளற் காலணிகளை அணிந்து, இசைக்கேற்பப் பெண்கள் குழுவாகத் துள்ளிப் பயிலும் உடற்பயிற்சி இன்று பல நாட்டு நகரங்களிலே காணப்படுகின்றது. அதன்போது செலவாகும் சக்தியை உடலியலாளர் அளவிட்டுக் கூறுவர். உடல் பயன்படுத்தும் ஒட்சிசன் லீற்றர் ஒன்றுக்கு ஏறத்தாழ 5 கிலோகலோரி என்பது அவர்தம் கணக்கு. இலக்கிய ஆய்வாளர்க்கு இங்கு என்ன வேலை என்ற வினா எழலாம். சந்தத்தின் சமூகப் பயன்பாடு பற்றிய அடிப்படைப் பிரச்சினை இதில் அடங்கியிருப்பதாலேயே நாம் இதனை எடுத்துக்கொள்கின்றோம்.

கூட்டுழைப்பிலே சந்தம் பெறும் இடத்தை விரிவாக ஆராய்ந்தவர் ஜெர்மானியப் பொருளியலறிஞர் கார்ல் பூஷர். 'உழைப்பும் சந்தமும்' என்ற அவரது நூல் 1896 இல் வெளிவந்தது. சீரான அசைவு களைப்பைக் குறைத்துப் பலரது முயற்சியை ஒருங்கிணைக்கின்றது என்பது அவர் கண்ட முடிபு. ஜோர்ஜ் தொம்சன் இதனை மார்க்சிய நோக்கிலே கவிதையின் தோற்றத்துடன் இணைத்து வளர்த்தெடுத்தார். சிலப்பதிகார வாழ்த்துக் காதையில் இடம்பெறும் வள்ளைப் பாட்டும் உலக்கை பிடித்த பெண்களின் உழைப்பிலே வேர்கொண்ட வடிவமே. அங்கு பாட்டு உழைப்பின் சுமையை இலகுவாக்கிற்று.

குழு உடற்பயிற்சியிலோ சந்தத்தின் பணி தலைகீழாகின்றது. சக்தியை மேன்மேலும் செலவிடத் தூண்டுவதே இசையின் நோக்கம். குற்றப்பட்ட நெல் இல்லை, செலவே பயன். இயந்திரமும் மேசை வேலையும் உடலசைவைக் குறைத்துவிட்ட சமூகப் பிரிவினர், இழந்த அசைவைப் பணங்கொடுத்து மீளப் பெறுகின்றனர். வில்லும் காலணியும் வகுப்பும் பண்டங்களாகின்றன.

ஆயினும் இதனைப் பூர்ஷ்வாப் பொழுதுபோக்கென ஒதுக்கிவிடுதல் வரட்டுவாதமாகும். அமெரிக்க நடிகை ஜேன் பொண்டாவின் உடற்பயிற்சி நூல் 1981 இலும் வீடியோ நாடா 1982 இலும் வெளிவந்தன. அம்முயற்சியின் வருவாய், பொருளாதாரச் சனநாயகத்துக்கான அரசியல் இயக்கமொன்றுக்குச் சென்றது. முரண்பாடு பண்டத்தின் உள்ளேயே இருந்தது. மேலும், பெண்கள் ஒருங்குகூடித் தமது உடலின் வலுவைத் தாமே உணர்வது சிறிய காரியமன்று.

அளவுகோலையும் நாம் விமர்சிக்க வேண்டும். ஓய்வுநிலைக்குரிய நியம அளவு, அதாவது கிலோகிராமுக்கு நிமிடத்துக்கு 3.5 மில்லிலீற்றர் ஒட்சிசன், 70 கிலோகிராம் எடையுள்ள 40 வயது ஆணொருவரைக் கொண்டு வகுக்கப்பட்டதென்பர். அவ்வளவையே பெண்ணுடலின் கணக்குக்கும் அடியாகக் கொள்ளும்போது, ஆணே பொதுமனிதன் என்ற பழைய கருத்து எண்ணுருவிலே திரும்பி வருகின்றது.

வகுப்பு முடிந்தபின் அம்மண்டபத்தைத் துடைக்கவரும் பெண்ணும் சக்தியைச் செலவிடுகின்றாள். கலோரிக் கணக்கு இருவரையும் ஒரே அட்டவணையில் நிறுத்தும். ஆனால் முன்னவள் தன் சக்தியைச் செலவிடப் பணம் கொடுக்கின்றாள். பின்னவள் பணத்துக்காக அதனை விற்கின்றாள். எவ்வளவு செலவாயிற்று என்பதற்கு உடலியல் விடைகூறும். யாருக்காக என்பதற்குச் சமூக உறவுகளே விடைகூற வேண்டும்.