கிரேடு தேர்வும் கிட்டாரும்

அடையாறு, பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் கிட்டார் வகுப்பு விசாரிக்க வரும் பெற்றோர் கட்டணத்துக்கு அடுத்தபடியாகக் கேட்பது, "கிரேடுக்குத் தயார் பண்ணுவீங்களா சார்?" என்பதைத்தான். கிரேடு என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் லண்டன் டிரினிட்டி கல்லூரியின் தேர்வு. 'இனிஷியல்' என்ற நுழைவு நிலையும் அதன்மேல் எட்டு நிலைகளும் கொண்டது. டிரினிட்டி இசைத் தேர்வு நடத்தத் தொடங்கியது 1877-இல். 1842-இல் தொடங்கப்பட்ட அண்ணா சாலை மியூஸி மியூசிக்கல் கடை வழியாக அது சென்னையில் வேரூன்றியது. மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்ற இளையராஜா இதே கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் தேறியவர் என்பது ஊரறிந்த செய்தி. நகரத்துப் பெற்றோர் மனத்தில் இந்தத் தேர்வுக்கு இருக்கும் மதிப்பில் பாதி அதிலிருந்து வந்ததாக இருக்கலாம். கிட்டாரைத் தொடங்குபவரைத் தொடர வைக்கும் கருவியாக இத்தேர்வு எவ்வளவு பயன்படுகிறது என்பது தனியே எடைபோட வேண்டிய கேள்வி.

கிட்டாரைப் பாதியில் விடுபவர்கள் ஏராளம். புதிதாக வாங்குபவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் முதல் ஆண்டுக்குள் விட்டுவிடுகிறார்கள் என்று ஃபெண்டர் கிட்டார் நிறுவனத்தின் தலைவராக இருந்த ஆண்டி மூனி பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். விற்பவர் கணக்கு என்பதால் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆனால் மாடிப்படிக்கு அடியிலும் பீரோ மேலும் உறையோடு கிடக்கும் கிட்டார்களைப் பார்த்தவர்கள் மறுக்கவும் மாட்டார்கள். எல்லாரும் ஒரே இடத்தில் விடுவதில்லை. விரல் நோகும் முதல் சில வாரங்களில் சிலர், ஒரே விரலால் பல தந்திகளை அழுத்த வேண்டிய பார் கார்டு வரும்போது சிலர், சான்றிதழ் கைக்கு வந்த பிறகு சிலர்.

முதல் கட்டத்தில் தேர்வுக்கு வேலையே இல்லை. அங்கே தீர்மானிப்பது வாத்தியம். ஸ்டீல் தந்தி பூட்டிய கிட்டாரில் ஆறு தந்திகளும் சேர்ந்து இழுக்கும் விசை ஏறக்குறைய 70 கிலோ. நைலான் தந்தியில் 40 கிலோ அளவுதான். மலிவான ஸ்டீல் கிட்டார்களில் தந்தி பலகையிலிருந்து தேவைக்கு மேல் உயர்ந்தும் நிற்கும். பன்னிரண்டாவது ஃபிரெட்டில் அந்த இடைவெளி மூன்று மில்லிமீட்டரைத் தாண்டினாலே பத்து வயதுப் பிள்ளையின் விரலுக்கு அது தண்டனை. தந்திகளைத் தாங்கும் 'பிரிட்ஜ்' மேலுள்ள வெள்ளைத் துண்டைப் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துத் தேய்த்துத் தாழ்த்தினால் போதும்; பலர் இதைச் செய்யாமல் பிள்ளைக்கு ஆர்வமில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கடற்காற்று வேறு சேர்ந்துகொள்கிறது. எலியட்ஸ் பீச்சுக்கு நாலு தெரு தள்ளிய வீட்டில் ஸ்டீல் தந்தி சீக்கிரம் துருவேறி, விரலைக் கூடுதலாக அறுக்கும். டிரினிட்டியின் கிளாசிக்கல் பாடத்திட்டம் நைலான் தந்தி கிட்டாருக்கானது என்பதால் அதைத் தேர்ந்தெடுக்கும் வீட்டுக்கு இந்தத் தொல்லை தானாகக் குறைகிறது. தேர்வு தரும் எதிர்பாராத நன்மை இது.

இரண்டாவது கட்டத்தில்தான் தேர்வு உண்மையில் உழைக்கிறது. சினிமாப் பாட்டோடு தொடங்குபவர் முதல் மாதத்திலேயே எஃப் கார்டில் முட்டிக்கொள்கிறார். ஆள்காட்டி விரல் முதல் ஃபிரெட்டில் ஆறு தந்திகள் மேலும் படுக்க வேண்டும். விரல் மூட்டின் மடிப்பு ஏதாவது ஒரு தந்திக்கு நேராக விழும், அந்தத் தந்தி ஊமையாகிவிடும். விரலைக் கொஞ்சம் பக்கவாட்டில் சாய்த்து, எலும்புப் பக்கம் அழுந்தும்படி வைத்தால் ஒலி தெளியும். முதல் ஃபிரெட்டில் தந்தி மிக விறைப்பாக இருப்பதால் அதே வடிவத்தை ஐந்தாவது ஃபிரெட்டில் பழகிப் பிறகு ஒவ்வொன்றாகக் கீழே இறங்குவது நல்லது. கிரேடு பாடத்திட்டத்தில் இந்தக் கடினமெல்லாம் வரிசைப்படுத்தப்பட்டிருக்கிறது. முழு பார் தொடக்க நிலைகளில் வராது. அதற்குள் கை பலப்பட்டுவிடும். இதோடு ஒரு கெடுவும் உண்டு. 'என்றாவது நன்றாக வாசிப்பேன்' என்ற எண்ணத்துக்காக யாரும் மாலையில் அரை மணி நேரம் உட்கார்வதில்லை. ஐந்து வாரத்தில் முன்பின் தெரியாத ஒரு தேர்வாளர் முன்னால் வாசிக்க வேண்டும் என்றால் உட்கார்கிறார்கள்.

குறை மதிப்பெண் முறையிலேயே ஒளிந்திருக்கிறது. கிளாசிக்கல் தேர்வில் மொத்தம் 100. மூன்று உருப்படிகளுக்கு தலா 22, ஆக 66. ஸ்கேல், ஆர்பெஜியோ போன்ற பயிற்சிகளுக்கு 14, துணைச் சோதனைகள் இரண்டுக்கு 20. தேற 60 போதும். கணக்கு போடத் தெரிந்த ஊர் இது. என்ன நடக்கும் என்பது தெரிந்ததே. ஆண்டு முழுக்க மூன்று உருப்படிகள் மட்டும் வாசித்து வாசித்து மெருகேற்றப்படுகின்றன. ஐந்தாம் நிலை வரை துணைச் சோதனைகளை நான்கிலிருந்து தேர்ந்தெடுக்கலாம் என்பதால், ஸ்வரக்குறிப்பைப் பார்த்தவுடன் வாசிக்கும் சோதனையைத் தொடாமலே பல படி ஏறிவிட முடிகிறது. ஐந்தாம் கிரேடு முடித்த பிள்ளையிடம் பிறந்தநாள் விழாவில் தெரிந்த பாட்டு ஒன்றை வாசிக்கச் சொன்னால் திணறுவது இதனால்தான். வாசிக்கத் தெரியாததல்ல காரணம். கேட்டு எடுத்து வாசிக்க அவனை யாரும் பழக்கவில்லை. 87 வாங்கி டிஸ்டிங்ஷன் எடுத்தவனும் இதற்கு விலக்கல்ல.

இதே தெருக்களில் வேறொரு கல்விமுறையும் நடக்கிறது. 1936-இல் அடையாற்றில் தொடங்கிப் பின்னர் திருவான்மியூருக்குப் போன கலாக்ஷேத்ராவிலும், அக்கம்பக்கத்து வீணை வகுப்புகளிலும், புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லப்படும் வரிசைதான் பாடம்: மாயாமாளவகௌளையில் சரளி, ஜண்டை, அலங்காரம், கீதம், வர்ணம். இங்கே தேதி இல்லை. தொடக்கம் சலிப்பூட்டும், விடுபவர்களும் உண்டு. ஆனால் குரு பாடக் கேட்டுத் திருப்பி வாசிப்பது முதல் நாளிலிருந்தே பழக்கமாகிறது. டிசம்பர் சீசனில் காதில் விழும் கச்சேரி, வகுப்பில் படித்ததன் நீட்சியாகவே இருக்கும். கிரேடு மாணவனுக்கு அந்த நீட்சி இல்லை. அவன் வாசிக்கும் கருல்லி, சோர் போன்ற மேற்கத்திய இசையமைப்பாளர்களின் உருப்படிகளை வீட்டில் யாரும் கேட்டதில்லை. அவன் கிட்டாருக்கு ஆசைப்பட்டதோ 'மூடுபனி' (1980), 'பயணங்கள் முடிவதில்லை' (1982) படப் பாடல்களின் முகப்பைக் கேட்டு. ஆசைக்கும் பாடத்துக்கும் உள்ள இந்தத் தூரத்தை டிரினிட்டியின் ராக் அண்ட் பாப் தேர்வு கொஞ்சம் குறைக்கிறது. அங்கும் பாடல்கள் பெரும்பாலும் ஆங்கிலப் பாடல்களே.

கிட்டாரில் கமகம் எடுக்க முடியாது, அதனால் கர்நாடக முறை அதற்குப் பொருந்தாது என்ற பழைய வாதம் இங்கே எடுபடாது. சுகுமார் பிரசாத், ஐஐடி மெட்ராஸில் படித்த பிரசன்னா ஆகியோர் தந்தியை இழுத்து, வழுக்கி, கர்நாடகக் கச்சேரியையே கிட்டாரில் நடத்திக் காட்டியவர்கள். அந்த வழிக்குக் கிரேடு பாடத்திட்டத்தில் இடமில்லை. அதைத் தேர்வின் குற்றமாகச் சொல்வது நியாயமில்லை. தேர்வையே முழுப் படிப்பாக எடுத்துக்கொள்ளும் வகுப்புகளின் குற்றம் அது.

மூன்றாவது கட்டம் சான்றிதழுக்குப் பின் வருவது. பத்தாம் வகுப்பு பொதுத்தேர்வு நெருங்கும்போது வீட்டார் கேட்பது, "இந்த வருஷம் கிரேடு வேண்டாமே" என்று. கிரேடு நின்றதும் கிட்டாரும் நின்றுவிடுகிறது, ஏனென்றால் இரண்டும் ஒன்றாகவே இருந்திருக்கின்றன. தேதியைக் காட்டி வளர்த்த பழக்கம், தேதி இல்லாதபோது நிற்காது.

ஆகவே கிரேடு தேர்வு தொடக்க நிலையின் நடுப்பகுதிக்கு நல்ல ஊன்றுகோல். அதற்கு முன்னும் பின்னும் பயன் குறைவு. முதல் ஆண்டு தேர்வே இல்லாமல் போகட்டும். பிறகும் ஆண்டுக்கு ஒன்று என்று ஓடாமல் ஒரு நிலை விட்டு ஒரு நிலை எழுதலாம். கீழ்நிலைச் சான்றிதழ் இல்லாமலே மேல்நிலைக்கு எழுத டிரினிட்டி அனுமதிக்கிறது. மிச்சப்படும் மாதங்களில் குறிப்பு இல்லாமல் காதால் கேட்டு, மாதம் ஒரு தமிழ்ப் பாட்டை எடுக்கச் சொல்லும் ஆசிரியர் கிடைத்தால், கட்டணம் கொஞ்சம் கூடுதலானாலும் அவரிடமே பிள்ளையைச் சேர்க்கலாம்.