பதினேழு பாட்டும் செல்லரித்த ஏடும்

குவீன் குழுவின் 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' தொகுப்பை நான் முதலில் கேட்டது மாமாவின் மாருதி 800-ல். மஞ்சக்குப்பத்திலிருந்து சிதம்பரத்துக்கு வாரம் ஒருமுறை போவார். லீவு நாளென்றால் நானும் ஒட்டிக்கொள்வேன். கேசட் ஓடுவது கிட்டத்தட்ட ஒரு மணி நேரம், பயணமும் அவ்வளவுதான். கடலூரைத் தாண்டும் முன் 'போஹிமியன் ராப்சடி' முடியும். வழியில் ரயில்வே கேட் எதுவும் மூடியில்லை என்றால் வெள்ளாற்றுப் பாலத்தில் 'வி ஆர் த சாம்பியன்ஸ்'. அந்தப் பதினேழு பாட்டுதான் குவீன் என்று பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கல்லூரியில் மொத்த ஆல்பங்களும் எம்பி3-யாகக் கைக்கு வந்தன. கேட்கக் கேட்க, ஏமாற்றப்பட்டதாகத் தோன்றியது. ஹிட்ஸ் கேட்கிறவன் எல்லாம் ரசிகனே இல்லை என்று மாமாவிடமே சொல்லியிருக்கிறேன். "பதினேழு போதும்டா, எனக்கு வேற வேலை இருக்கு" என்றார். அன்றைக்கு அது சோம்பேறியின் பதிலாகப் பட்டது. இப்போது அந்தத் தொகுப்பை நியாயமாக எடைபோட்டுப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

1981 அக்டோபரில் வந்தது. அதற்குள் குவீன் ஒன்பது ஆல்பங்கள் வெளியிட்டிருந்தார்கள். பிரிட்டிஷ் பதிப்பில் 17 பாட்டு. அமெரிக்கப் பதிப்பின் பட்டியல் வேறு; மாமாவிடம் இருந்தது பிரிட்டிஷ் பட்டியல். யார் எழுதியது என்று எண்ணிப் பார்த்தேன். ஃப்ரெடி மெர்க்குரி 10, பிரையன் மே 5, ஜான் டீகன் 2. டிரம்மர் ரோஜர் டெய்லர் எழுதியது ஒன்றுகூட இல்லை. நாலு பேரும் பாட்டு எழுதுகிற குழு என்பது குவீனின் தனிச்சிறப்பு. இந்தத் தொகுப்பை மட்டும் கேட்டவனுக்கு டெய்லர் பின்னாலிருந்து தாளம் தட்டுகிற ஆள், அவ்வளவுதான். 'போஹிமியன் ராப்சடி' சிங்கிளின் மறுபக்கத்தில் இருந்ததே அவர் பாட்டுதான்.

அதைவிடப் பெரிய குறை, முதல் ஆல்பத்திலிருந்து (1973) எதுவுமே இல்லாதது. இரண்டாவது ஆல்பத்திலிருந்து ஒன்றே ஒன்று. 1980-ல் வந்த 'த கேம்' ஆல்பத்துக்கு மட்டும் நாலு இடம். காரணம் எளிது. பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் முதல் 20-க்குள் வந்த பாட்டுகளைத்தான் எடுத்திருக்கிறார்கள். 31-ஆம் இடத்தில் நின்ற 'டை யுவர் மதர் டவுன்' வெளியே. மேடையில் அவர்கள் விடாமல் வாசித்த பாட்டு அது.

சிதம்பரம் பக்கத்து ஆளுக்குத் 'தொகுப்பு' என்றதும் வேறொன்றும் நினைவுக்கு வரும். மூவர் தேவாரம் ஏறக்குறைய 800 பதிகம். தினமும் அத்தனையையும் ஓத முடியவில்லையே என்று சிவாலய முனிவர் தில்லையில் தவமிருந்தாராம். பொதிகைக்குப் போ என்று அசரீரி சொன்னதாம். அகத்தியர் 25 பதிகம் பொறுக்கிக் கொடுத்தாராம். அகத்தியர் தேவாரத் திரட்டு என்று இன்றைக்கும் அச்சில் கிடைக்கிறது. கதை எப்படியோ, திரட்டியவர் யாரோ, அவருக்கு ஒரு தெளிவு இருந்திருக்கிறது. குருவருள், ஐந்தெழுத்து, திருவடி, தொண்டு என்று எட்டுத் தலைப்பு வைத்துக்கொண்டு தேர்ந்திருக்கிறார். தொடக்கத்திலேயே மூவரும் முதன்முதலாகப் பாடிய பதிகங்கள், அதாவது ஒருவர் எங்கிருந்து கிளம்பினார் என்பது. பண்ருட்டி பக்கத்துத் திருவதிகையில் அப்பர் சூலைநோயோடு பாடியதும் அதில் ஒன்று. குவீன் தொகுப்பில் இல்லாதது இதுதான். கிளம்பிய இடம் இல்லை. 'கீப் யுவர்செல்ஃப் அலைவ்' இல்லை.

பக்தியையும் ராக் இசையையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்று கேட்டால், வைக்கவில்லை. பொறுக்குகிற வேலையை மட்டும்தான் ஒப்பிடுகிறேன்.

இருந்தாலும் இந்தத் தொகுப்பை ஆறரை கோடி ஹிட்ஸ் கேசட்டுகளில் ஒன்று என்று தள்ளிவிட முடியாது. பிரிட்டனில் 60 லட்சம் பிரதிகளைத் தாண்டிய முதல் ஆல்பம் இது, 2014-ல். விற்பனைக்காகச் சொல்லவில்லை. வரிசையைப் பாருங்கள். 1975-ன் 'போஹிமியன் ராப்சடி' கோங் ஒலியோடு அடங்குகிறது. அடுத்த நொடி 1980-க்குப் பாய்ந்து டீகனின் பேஸ் கிதார். அடுக்கடுக்காகப் பதிவுசெய்த நூறு குரல்களுக்குப் பிறகு, வெற்றுச் சுவரில் ஆணி அடிப்பது மாதிரி ஒற்றை பேஸ். எந்த ஆல்பத்திலும் இந்தப் பாய்ச்சல் கிடையாது. தொகுத்தவர் செய்தது.

அந்தக் கலைத்துப்போடலுக்கு ஒரு விலையும் உண்டு. எழுபதுகளின் ஆல்பம் உறைகளில், சிந்தசைசர் பயன்படுத்தவில்லை என்று பெருமையாக அச்சிட்டவர்கள் இவர்கள். 'த கேம்' ஆல்பத்தில் அந்த விரதம் முடிந்தது. 'ப்ளே த கேம்' சிந்தசைசர் இரைச்சலோடுதான் தொடங்குகிறது. தொகுப்பில் அதற்கு முன்னால் எழுபதுகளின் பாட்டு இருப்பதால், ஒரு சத்தியம் முறிந்த சத்தம் யாருக்கும் கேட்காது.

2011 டிசம்பர் 30 காலை தானே புயலில் மாமா வீட்டு ஓடு பறந்தது. பரணிலிருந்த நூற்றுச்சொச்சம் கேசட்டும் ஊறிப்போய்க் குப்பைக்குப் போயின. தப்பியது குவீன் மட்டும். அது எப்போதும் காரில், பிளேயருக்குள்ளேயே இருந்தது. தில்லையில் பூட்டிய அறையைத் திறந்தபோது ஏடுகளைச் செல்லரித்திருந்தது, மிஞ்சியதே நமக்குக் கிடைத்தது என்கிறது திருமுறை கண்ட புராணம். பரணில் பத்திரப்படுத்தியது போனது, தினம் ஓடியது நின்றது. ஹிட்ஸ் கேட்கிறவனை நான் கிண்டல் பண்ணுவதை விட்டது அந்த வாரம்தான்.

ஆனாலும் பட்டியல் சரியென்று ஒப்புக்கொள்ள மனசில்லை. போன மாதம் மூன்றை மாற்றி மாமாவுக்கு அனுப்பினேன். 'ஃப்ளாஷ்' போய் பிரையன் மேயின் 'தர்ட்டி நைன்'. ஒளியின் வேகத்தில் விண்வெளிக்குப் போனவன் ஒரு வருஷத்தில் திரும்பினால் ஊரில் நூறு வருஷம் ஓடியிருக்கிறது. வானியல் படித்தவர் எழுதிய நாட்டுப்புறப் பாட்டு. இரவு மாமா கூப்பிட்டார்.

"இது ஏன்டா நம்ம கேசட்ல இல்ல?"

"மறுபக்கத்துல போட்டாங்க மாமா. தனியா சிங்கிளா வரல."

"ஃப்ளாஷ் வந்துச்சா?"

"வந்துச்சு. பத்தாவது எடம்."

"பத்தாவதா!" என்றவர், கொஞ்சம் பொறுத்து, "அத எடுத்துராத. ஆலப்பாக்கத்துல எனக்கு அது வேணும்" என்றார்.