கம்பெனி ஊசியும் வீட்டு ஊசியும்

என் அம்மா 26 வருடம் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போனாள். ஓவர்லாக் மெஷின். கட்டிங் முடிந்து கட்டுக்கட்டாக வரும் துணியில் உடம்பும் கையும் சேரும் இடத்தை மூட்டிவிட்டு அடுத்த ஆளிடம் தள்ளுவாள். கழுத்துப்பட்டியை வேறொருவர் வைப்பார். அடிமடிப்பு பேட்லாக்காரருடையது. பிசிறு வெட்டுவது இன்னொரு பெண், அதைச் சரிபார்ப்பது செக்கிங் பெண். நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான சட்டைகள் அம்மாவின் கையைத் தொட்டுப் போயிருக்கும். அதில் ஒன்றைக்கூட அவள் முழுதாகத் தைத்ததில்லை. அவள் முதலிலிருந்து கடைசிவரை தைத்த உடுப்பை நான் வீட்டில்தான் பார்த்தேன். என் தம்பிக்குத் தைத்த ஜப்லா.

காதர்பேட்டையில் கிலோக் கணக்கில் வாங்கிய கட் பீஸ் துணி அது. வீட்டில் இருந்தது பழைய கால் மெஷின் ஒன்றுதான். பனியன் துணியை அதில் தைப்பது சிரமம். துணி இழுபடும், நேர்த்தையல் இழுபடாது. குழந்தைக்குத் தலைவழியாகப் போட்டுக் கழற்றும்போது நூல் பட்டென்று அறுந்துவிடும். அம்மா இரண்டு கையாலும் துணியை முன்னும் பின்னும் லேசாக இழுத்துப் பிடித்துக்கொண்டே தைப்பாள். வெட்டிய ஓரம் சுருண்டுகொள்ளும் என்பதால் தண்ணீர் தெளித்து, இஸ்திரி போட்டு, அது படிந்திருக்கும்போதே மடித்துவிடுவாள். மூட்டிய தையல் வெளிப்பக்கம் தெரியும்படி வைப்பாள். உள்ளே வைத்தால் பச்சைக் குழந்தையின் தோலில் உராயும். பட்டன் கிடையாது, நாடாதான். இத்தனையும் யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல. கம்பெனியில் பக்கத்து மெஷின்களைப் பார்த்துப் பார்த்து மனத்தில் வாங்கிக்கொண்டு வந்தது.

அம்மாவுக்குப் பக்கத்து மெஷினில் கோத்தகிரிப் பெண் ஒருவர் இருந்தார். நான் அக்கா என்று கூப்பிடுவேன். 1964இல் பிரதமர்கள் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி இலங்கை மலையகத் தோட்டங்களிலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களில் ஒன்று அவருடையது. தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, கடைசியில் நீலகிரிக்கு வந்து சேர்ந்தவர்கள். இப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் அரசு தேயிலைத் தோட்டங்கள் நீலகிரியில் தொடங்கப்பட்டன. அங்கே பறித்த கூலி போதாமல் அவர்களின் பிள்ளைகள் மேட்டுப்பாளையம் வழியாகத் திருப்பூருக்கு இறங்கினார்கள். அக்காவின் பெரியம்மா மட்டும் இலங்கையிலேயே தங்கிவிட்டார். சில வருடங்களுக்கு முன் நான் அங்கே போக நேர்ந்தபோது, அந்தப் பெரியம்மாவைப் பார்த்துவிட்டு வரச் சொல்லி அக்கா ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டார். உள்ளே கைக்குழந்தைக்கான பனியன் உடுப்புகள், கம்பெனி செகண்ட்ஸ்.

நுவரெலியா நகரம் 1868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து லிந்துலைப் பக்கம் இறங்கினால் அந்தத் தோட்டம். ஜனவரி மாதம். விடிகாலையில் தேயிலைக் கொழுந்தின் மேல் வெள்ளையாகப் பனி. பெரியம்மா லயன் காம்பராவில், தோட்டத்து வரிசை வீட்டு அறையில், அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நாலு ஊசி வைத்து எதையோ பின்னிக்கொண்டிருந்தார். சைக்கிள் சக்கரத்துக் கம்பியைத் தேய்த்துச் செய்த ஊசிகள். கொள்ளுப்பேத்திக்குக் காலுறை என்றார். நூலில் இரண்டு மூன்று நிறம் கலந்திருந்தது. கேட்டேன்.

"இது பழச அவுத்தது புள்ள. எங்க வீட்டுக்காரரு போட்ட சுவெட்டரு. நூலு என்ன செஞ்சிச்சு? சுடுதண்ணியில நனைச்சு, நீட்டிக் கட்டிப் போட்டா நேராயிரும்."

நான் அங்கே இருந்த ஒன்றரை நாளில் ஒரு காலுறை முடிந்தது. மூன்று ஊசிகளில் கண்ணிகள் நிற்கும், நாலாவது ஊசி சுற்றிச் சுற்றிப் பின்னும். குழாய்போல் இறங்கும். குதிகால் வந்ததும் அவர் நிறுத்தினார். பாதிக் கண்ணிகளைச் சும்மா விட்டுவிட்டு, மீதிப் பாதியில் மட்டும் போய்வந்து போய்வந்து ஒரு சிறு மடல் பின்னினார். பிறகு அதன் நடுவில் கண்ணிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் குழிவாக்கினார். மடலின் இரு ஓரத்திலும் புதுக் கண்ணி எடுத்து மறுபடியும் வட்டத்தில் சேர்ந்தார். காலுறையில் அறிவு வேண்டிய இடம் அது ஒன்றுதான். 70 வயதுக்கு மேலான கண்கள் அந்த இடத்தில் ஊசியைப் பார்க்கவே இல்லை.

காலுறைக்கு நம் பேச்சில் சொல் இல்லாததை அன்றுதான் நினைத்துப் பார்த்தேன். சாக்ஸ் என்கிறோம். பழைய தமிழ் எழுத்தில் மேஜோடு என்று வரும், இப்போது யாரும் சொல்வதில்லை. சிங்களத்தில் மேஸ் என்கிறார்கள், போர்ச்சுக்கீசியர் விட்டுப்போன சொல். வெறுங்காலோடு கொழுந்து பறித்த ஜனம் குளிரை வேறு விதமாகத் தாங்கியது. காப்பித் தோட்டக் காலத்திலிருந்தே அவர்களுக்குக் கிடைத்தது கம்பளி, தலையிலிருந்து முதுகுவரை போர்த்திக்கொள்ளும் முரட்டுத் துணி. அது அன்பளிப்பாக வரவில்லை. அதன் விலை சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. கடனாக வந்த அந்தக் கம்பளிக்கு அடுத்த தலைமுறையில் பெரியம்மா போன்றவர்கள் கையில் பின்னல் ஊசி வந்தது. பட்டணத்துக் கன்னியர் மடத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் சிஸ்டர் ஒருவர் தோட்டத்துச் சிறுமிகளுக்குச் சொல்லிக் கொடுத்தாராம்.

இலங்கையில் ஊசி பெரும்பாலும் இப்படிப் பள்ளி வழியாகவும் மடம் வழியாகவும்தான் வீட்டுக்குள் வந்திருக்கிறது. 1824இல் யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் தொடங்கிய உடுவில் மகளிர் பள்ளியில் எழுத்தோடு தையலும் பாடம். இன்றும் சாதாரண தரப் பரீட்சைக்கு மனைப்பொருளியல் எடுத்துப் படிக்கிறார்கள். 1877இலேயே சிங்கர் கொழும்பில் கடை திறந்து, தவணையில் தையல் மெஷின் கொடுத்து, ஊர் ஊராகத் தையல் வகுப்பும் நடத்தியது. கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கிய 1978இல், கார்மென்ட்ஸுக்கு ஆள் எடுக்க வந்தவர்களுக்குத் தையலை முன்பே அறிந்த பெண்கள் ஏராளமாகக் கிடைத்தார்கள். 1992இல் ஜனாதிபதி பிரேமதாச 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டத்தைக் கொண்டுவந்தபோது தொழிற்சாலையே கிராமத்தைத் தேடிப் போயிற்று. போர் முடிந்தபின் கிளிநொச்சியில் விடியல், வானவில் என்ற தமிழ்ப் பெயர்களோடு ஆலைகள் வந்தன. மொத்தத்தில் அங்கே வீட்டிலிருந்த ஊசி கம்பெனிக்குப் போயிருக்கிறது.

திருப்பூரில் ஊசி எதிர்த்திசையில் நடந்தது. இங்கே முதலில் வந்தது கம்பெனி. உள்ளூர் ஆண்கள் உள்ளாடை செய்யும் சிறு பட்டறைகளாக அது தொடங்கியது. மெஷினில் உட்கார்ந்தவர்களும் ஆண்களே. 1970களின் முடிவில் ஏற்றுமதி பிடித்துக்கொண்டு, உள்பனியன் போய் டிஷர்ட்டும் குழந்தை உடுப்பும் ஆனபோதுதான் பெண்கள் பெருவாரியாக உள்ளே வந்தார்கள். தென்மாவட்டங்களிலிருந்தும் பிறகு ஒடிசா, பீகாரிலிருந்தும் வந்தவர்களில் பலர் அதற்கு முன் மெஷினைத் தொட்டதில்லை. கைமடியாகச் சேர்ந்து, சாப்பாட்டு நேரத்தில் காலி மெஷினில் ஏறிப் பழகித்தான் டெய்லர் ஆனார்கள். கம்பெனியில் கற்றதை அதன்பின் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மனைப்பொருளியல் இல்லாத என் அம்மா ஜப்லா தைத்தது அப்படித்தான்.

ஒரே ஒரு சொல்லில் இந்த வேறுபாடு முழுதும் இருக்கிறது. இலங்கையில் சிங்கர் என்றால் வீட்டுக்கு வந்த மெஷின், பெண்ணுக்குச் சீதனமாகக்கூடக் கொடுக்கும் பொருள். திருப்பூர் கம்பெனி வாசலில் 'சிங்கர், ஓவர்லாக், பேட்லாக் டெய்லர்கள் தேவை' என்று பலகை தொங்கும்போது அது ஒரு வேலையின் பெயர். நேர்த்தையல் போடுகிற ஆள் சிங்கர் டெய்லர். அவர் காலர் வைப்பார், பட்டி வைப்பார், அதோடு சரி.

தமிழ்நாட்டிலும் மிஷன் ஊசி வராமல் இல்லை. 1820களில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் சிறுமிகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவர் மகள் எலிசா, கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனபோது அந்தக் கலையும் கூடவே போயிற்று. ஆனால் அந்த லேஸ் ஐரோப்பிய வீடுகளுக்கு விற்பனையானது. அதைப் பின்னிய பெண்ணின் பிள்ளைக்கு அதில் எதுவும் மிஞ்சியிருக்காது. விற்பனைக்கு என்று கற்ற ஊசி வீட்டுக்கு நேரம் விடுவதில்லை என்பதை நான் திருப்பூரில் கண்கூடாகப் பார்த்து வளர்ந்தேன்.

எங்கள் வீதியில் பெண்கள் கம்பெனிக்குப் போவது மட்டுமில்லை, கம்பெனியும் வீட்டுக்கு வந்துவிடும். மூட்டையாகக் கட்டிய பீஸ் வண்டியில் வந்து திண்ணையில் இறங்கும். பிசிறு வெட்ட வேண்டும், நாடா கோக்க வேண்டும், பட்டியைத் திருப்ப வேண்டும். கணக்கு பீஸுக்கு இத்தனை பைசா. பாட்டிகள், பிரசவமாகி வீட்டில் இருப்பவர்கள், பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் என்று எல்லாரும் உட்கார்ந்து செய்வோம். சனிக்கிழமை சம்பளம். கையில் கத்திரியும் மடியில் துணியும் இருந்தும் அந்தத் துணி எங்களுடையதில்லை. ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டரைக்கு வரும் ஒருத்தி, சோறாக்கி முடித்து, அதே மாதிரித் துணியைத் தன் பிள்ளைக்காக மறுபடி எடுக்க வேண்டுமானால் அதற்கு எவ்வளவு ஆசை இருந்திருக்க வேண்டும்! ஜப்லா தைத்த இரவுகளை அம்மா தூக்கத்திலிருந்துதான் எடுத்தாள். எனக்கு அது இப்போதும் நெஞ்சை அடைக்கிறது.

இலங்கை இதில் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. கட்டுநாயக்க வலயத்துப் பெண்ணுக்கும் ஒரே ஒரு தையல்தான், அதே இலக்குக் கணக்குதான். ஒரு போர்டிங் அறையை மூன்று நான்கு பேர் பகிர்ந்துகொண்டு, பிள்ளையைத் தோட்டத்திலோ கிராமத்திலோ விட்டுவிட்டு வருகிறாள். அங்கே வீடும் கம்பெனியும் நூறு மைல் தள்ளி இருப்பதால், வீட்டு ஊசி பாட்டியின் கையில் பத்திரமாக இருக்கிறது, ஆனால் தாய் பக்கத்தில் இல்லை. இங்கே தாய் பக்கத்தில் இருக்கிறாள், ஊசிதான் அவளுடையதாக இல்லை. பெரியம்மா பின்னிய காலுறையும்கூட கட்டுநாயக்கவில் இருந்த பேத்தியின் பிள்ளைக்குத்தான்.

அந்தக் காலுறையையும் எங்கள் ஜப்லாவையும் பக்கத்தில் வைத்தால் அடிப்படை ஒன்றே. இரண்டும் கண்ணிக்குள் கண்ணி கோத்த துணி. பெரியம்மாவின் வட்டத்தில் ஒரு சமயம் 40 கண்ணி இருந்தால் அதிகம். திருப்பூரில் 30 அங்குல விட்டமும் 24 கேஜும் உள்ள நிட்டிங் மெஷினில் ஏறக்குறைய 2,260 ஊசிகள் ஒரே வட்டத்தில் நிற்கும். அந்த மெஷினின் கொள்ளுத்தாத்தாவும் காலுறைக்கென்றே பிறந்தது. 1589இல் இங்கிலாந்தில் வில்லியம் லீ என்ற பாதிரியார் கைப்பின்னலைப் பார்த்துக் காலுறை பின்னும் சட்டகத்தைச் செய்தார். கையால் பின்னிப் பிழைக்கும் ஏழைகள் சோறின்றிப் போவார்கள் என்று எலிசபெத் ராணி அதற்கு உரிமம் தர மறுத்ததாகச் சொல்வார்கள்.

வேறுபாடு கத்திரியில் தொடங்குகிறது. பின்னும்போதே உருவம் கொடுத்த துணியில் வெட்டு இல்லை, ஆகவே கழிவும் இல்லை. நூலின் நுனியைக் கண்டுபிடித்து இழுத்தால் கொள்ளுத்தாத்தாவின் சுவெட்டர் கொள்ளுப்பேத்தியின் காலுக்கு வரும். கம்பெனித் துணி வெட்டப்பட்டுவிட்டது, ஒவ்வொரு வரிசையிலும் நூல் அறுந்திருக்கிறது, அதை அவிழ்க்க முடியாது. அக்குளும் கழுத்தும் வெட்டி விழுந்த துண்டுகள் பனியன் வேஸ்ட்டாகிச் சாக்கில் போகும். ஒர்க்ஷாப்பில் கிரீஸ் துடைக்கும் துணியாகும், அல்லது நார் நாராகப் பிய்க்கப்பட்டு ஓ.இ. மில்லில் முரட்டு நூலாகத் திரும்பும். உடுப்பாகவே தப்பிப்பது காதர்பேட்டை செகண்ட்ஸ் மட்டும். நுவரெலியா பேல் பஜாரிலும் அதையே பார்த்தேன், குளிர்நாடுகளுக்கென்று தைத்த தடித்த ஜாக்கெட்டுகள் குவியலாக. தோட்டத்து இளம்பெண்கள் அங்கே வாங்குகிறார்கள். பெரியம்மாவிடம் பின்னக் கற்றுக்கொண்டவள் அந்த லயத்தில் ஒருத்தியும் இல்லை.

தமிழக அரசு சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் ஏழைப் பெண்களுக்குத் தையல் மெஷின் இலவசமாகக் கொடுக்கிறது. நல்ல காரியம். அதோடு, லட்சக்கணக்கானோர் ஒரே ஒரு மூட்டு மட்டும் தெரிந்து வேலை செய்யும் திருப்பூரில், ஒரு குழந்தையின் உடுப்பை வெட்டுவதிலிருந்து நாடா வைப்பது வரை அந்தப் பெண்களுக்கு யாராவது சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். சம்பளம் கூடும் என்பதற்காகச் சொல்லவில்லை. கூடினால் நல்லது.

புறப்படும்போது பெரியம்மா முதல் காலுறையை என் கையில் திணித்தார். பேத்தி பிள்ளைக்கு வேறு பின்னிக்கொள்வாராம். கோத்தகிரிக்காரியிடம் காட்டச் சொன்னார். ஊர் வந்ததும் அதை முதலில் அம்மாதான் வாங்கிப் பார்த்தாள். உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பினாள். குதிகாலில் விரலை விட்டாள். ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"மூட்டு எங்க கண்ணு?"

"மூட்டு இல்லம்மா."

வாழ்நாளெல்லாம் மூட்டியவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கொல்லைக்குப் போய்க் கொடியில் காய்ந்த அப்பாவின் உள்பனியனை எடுத்து வந்தாள். உடம்பளவுக் குழாயாகவே மெஷினில் ஓடி வரும் துணி, இரண்டு விலாவிலும் தையல் கிடையாது. "இதுக்குமில்ல பாரு" என்று காலுறைக்குப் பக்கத்தில் அதை விரித்து வைத்து, கையால் நீவிவிட்டாள்.