விண்ணப்பத்தில் காணாத கடற்கரை

இவ்விதழின் பக்கங்களில் நூல்களை எடைபோடுகிறோம். கவிதையின் சொல்லையும் கதையின் கட்டுக்கோப்பையும் அலசுகிறோம். ஆனால் அச்சேறாத, எவரும் விலைகொடுத்து வாங்காத, எழுதியவரின் வாழ்வில் ஐந்தாறு ஆண்டுகளைத் தீர்மானித்துவிடுகிற ஒருவகை எழுத்தும் உண்டு. முனைவர் பட்டத்திற்கு விண்ணப்பிப்போர் தம் விண்ணப்பத்துடன் இணைத்தனுப்பும் ஆய்வுத் திட்டவரைவையே குறிப்பிடுகிறோம். அதுவும் எழுத்துதானே? அதற்கும் திறனாய்வு வேண்டாமா?

செங்கற்பட்டில் வாழும் நம் நண்பரொருவர் தம் மகளை அழைத்துக்கொண்டு நம் இல்லம் வந்திருந்தார். மகள் தொடர்பியலில் முதுகலை முடித்தவர். ஊடக ஆய்வில் முனைவர் பட்டத்திற்கு விண்ணப்பிக்கத் தாம் எழுதிய பன்னிரண்டு பக்கங்களை நம் கையில் கொடுத்து, "பிழை இருந்தால் திருத்திக் கொடுங்கள் மாமா" என்றார். ஆங்கிலத்தில் அமைந்திருந்த அதன் தலைப்பைத் தமிழில் சொல்வதானால், 'கல்லூரி மாணவரிடையே சமூக ஊடகங்களின் தாக்கம்: ஓர் ஆய்வு' என்று வரும். எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. இலக்கணமும் செம்மையாகவே இருந்தது. ஆயினும் படித்து முடித்தபோது, இதை எழுதியவர் யார், எந்த ஊரார், எதைக் கண்டு இக்கேள்வி அவர் நெஞ்சில் எழுந்தது என்று ஒன்றுமே நமக்கு விளங்கவில்லை. அதே பருவத்தில் நம் பார்வைக்கு வந்த வேறு மூன்று திட்டவரைவுகளும் ஏறத்தாழ இதே தலைப்பையே தாங்கியிருந்தன.

இன்றைய உலகம் தகவல் யுகத்தில் வாழ்கிறது என்று முதல் வாக்கியம் தொடங்குகிறது. இதை மறுப்பார் யாருமில்லை. மறுப்பாரில்லாத செய்தியை நிறுவ ஆராய்ச்சி எதற்கு? அடுத்த நான்கு பக்கங்களில் மெக்லூகன், ஷ்ராம், ரோஜர்ஸ் என்று அறிஞர் பெயர்கள் அணிவகுக்கின்றன. நிக்காஹ் விருந்தில் தட்டுக்கு இத்தனை துண்டு என்று எண்ணி வைப்பதுபோல் ஆளுக்கொரு பத்தி. அவர்களுள் எவரோடும் மாணவி உடன்படவில்லை, முரண்படவுமில்லை. பின்னர் இரு கல்லூரிகளில் இருநூறு வினாப்படிவங்களை வழங்கி, வரும் விடைகளைச் சதவீதமாக்குவது என்ற திட்டம். இருநூறு பேர் கைபேசியை நாளைக்கு எத்தனை மணிநேரம் பார்க்கிறார்கள் என்பது தெரிந்துவிட்டால், அதனால் யாருக்கு எது விளங்கும்?

'தாக்கம்' என்ற சொல்லே இத்திட்டவரைவுகளின் நோய் என்பது நம் கருத்து. ஊடகத்தை ஒரு கழியாகவும் மக்களை அதன் அடி தாங்கும் முதுகாகவும் அச்சொல் உருவகப்படுத்துகிறது. அந்த உருவகம் ஆட்டங்கண்டு எட்டுப் பத்தாண்டுகள் ஆகின்றன. 1940ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலின்போது, லாசர்ஸ்ஃபெல்டும் அவர் குழுவினரும் ஒஹையோ மாநிலத்தின் ஈரி வட்டாரத்து வாக்காளரைத் திரும்பத் திரும்பச் சந்தித்து ஆராய்ந்தார்கள். வானொலியும் நாளேடும் நேரடியாக மாற்றிய மனங்கள் மிகச் சில என்றும், அக்கம்பக்கத்தார், உடன் வேலை செய்வோர் ஆகியோரின் பேச்சே வலுவுடையதாய் இருந்தது என்றும் 1944இல் வெளியான அவர்களது நூல் எடுத்துக்காட்டிற்று. பின்னர் காட்ஸும் லாசர்ஸ்ஃபெல்டும் டெக்கேட்டர் என்ற சிறு நகரத்தில் ஏறத்தாழ எண்ணூறு பெண்களைக் கேட்டு எழுதிய நூல் 1955இல் வந்தது. கடையில் எதை வாங்குவது, எந்தப் படத்தைப் பார்ப்பது என்பவற்றிலெல்லாம் யார் சொல் யாரிடம் எடுபடுகிறது என்பதே அதன் ஆராய்ச்சி. அடுப்படிப் பேச்சும் ஆய்வுக்குரிய பொருளே என்று உலகம் ஒப்புக்கொண்டு இத்தனை காலமாகியும், நம் பிள்ளைகள் 'தாக்கம்' என்றே தொடங்குகிறார்கள்.

தேநீர் வந்தபின் பேச்சு வேறு திசையில் சென்றது. மாணவியின் தாயார் பிறந்த ஊர் கோவளம். தமீமுல் அன்சாரி அவர்களின் தர்கா இருப்பதால் நம் வாசகரில் பலர் அறிந்த ஊர்தான். தாய்மாமன் அங்கே மீன் வணிகம் செய்கிறார். 2022 டிசம்பர் 9ஆம் நாள் இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்திற்கு அருகே கரை கடந்தபோது அம்மாணவி தாய்வீட்டாருடன் இருந்திருக்கிறார். அன்றைய இரவைப் பற்றி அவர் சொன்னதைச் சுருங்கச் சொல்கிறோம்.

கைபேசிகளுக்கு எச்சரிக்கைக் குறுஞ்செய்தி வந்தது. தொலைக்காட்சியில் காற்றின் வேகத்தை ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மாமனின் வாட்ஸ்அப் குழுவிலோ குரல்செய்திகள் குவிந்தன. படிக்கத் தெரியாதவரும் பேசி அனுப்பலாம் அல்லவா? அவற்றினூடே எந்த ஆண்டிலோ எந்தக் கடலிலோ எடுத்த அலைக்காட்சிகளும் கலந்து வந்தன. பள்ளிவாசல் ஒலிபெருக்கியிலும் அறிவித்தார்கள். நன்னிமா மட்டும் எதற்கும் அசையவில்லை. "எத்தனை புயலைப் பார்த்தவள் நான்" என்று கட்டிலிலேயே கிடந்தார். இரவு எட்டு மணிவாக்கில் அடுத்த தெருவில் கூடையில் மீன் விற்கும் அம்மாள் வாசலில் நின்று, "புறப்படு, நானும் போகிறேன்" என்றார். நன்னிமா மறுபேச்சின்றி எழுந்து தட்டத்தைத் தலையிலிட்டுக்கொண்டு நடந்துவிட்டார்.

நாம் திட்டவரைவைக் காட்டி, "இது ஏனம்மா இதில் இல்லை?" என்று கேட்டோம். "அது வீட்டு விஷயமல்லவா மாமா? ஆராய்ச்சியில் அதையெல்லாம் எப்படி எழுதுவது?" என்றார். அந்த விடையைக் கேட்டு நாம் வருந்தினோம். ஈரி வட்டாரத்தில் அமெரிக்கர் தேடிப்போய்க் கண்டது இப்பெண்ணின் கண்முன் வாசலில் வந்து நின்றிருக்கிறது. அதை வீட்டு விஷயம் என்று ஒதுக்க அவருக்கு யார் கற்பித்தார்?

சிறந்த ஆய்வுகள் வீட்டு விஷயத்திலிருந்தும் சந்தை விஷயத்திலிருந்தும்தான் பிறந்திருக்கின்றன. ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியலறிஞர் 2007இல் வெளியிட்ட கட்டுரை கேரளத்து மீன்சந்தைகளைப் பற்றியது. 1997 ஜனவரி 14ஆம் நாள் காலையில் வடகரைக் கரையில் பதினொரு மீனவர்கள் வாங்குவாரின்றிச் சாளை மீனைக் கடலிலேயே கொட்டினார்கள். அதே வேளையில் அங்கிருந்து பதினைந்து கிலோமீட்டருக்குள் இருபத்தேழு வணிகர்கள் மீன் கிடைக்காமல் திரும்ப இருந்தார்கள். இக்காட்சியைக் கட்டுரை எடுத்துக்காட்டுகிறது. கைபேசி அக்கரைக்கு வந்தபின் மீன் வீணாவது ஏறத்தாழ நின்றுபோனதையும், மீனவரின் ஆதாயம் கூடி, விலை சற்றே குறைந்ததையும் அவர் பல்லாண்டுக் கணக்குகளால் நிறுவினார். தகவல் யுகம் என்ற பீடிகை அங்கே தேவைப்படவில்லை.

நமக்கு இன்னும் அருகில் புதுச்சேரிக் கரையிலுள்ள நல்லவாடு கிராமம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று, சிங்கப்பூரிலிருந்த அவ்வூரார் ஒருவர் தொலைக்காட்சிச் செய்தி கண்டு ஊருக்குத் தொலைபேசியில் சொல்ல, சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவு மையத்து ஒலிபெருக்கியில் எச்சரிக்கை ஒலித்து மக்கள் உயிர் தப்பினார்கள். அதே காலைப்பொழுதில் கல்பாக்கத்தை ஒட்டிய கரையில் உயிர்கள் போயின. ஓர் ஊருக்குச் செய்தி வந்தது, மற்றோர் ஊருக்கு வரவில்லை என்பது மட்டுமா வேறுபாடு? வந்த செய்தியை நம்ப வைத்த குரல் எது? இது கோவளத்துக்கும் நெம்மேலிக்கும் சதுரங்கப்பட்டினத்துக்கும் உரிய கேள்வி. அதைக் கேட்கத் தகுதியுள்ளவர் அவ்வூர்களோடு உறவுடைய பிள்ளைகளே.

குற்றம் முழுவதையும் மாணவர் தலையில் சுமத்த நாம் விரும்பவில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2016இல் வகுத்த விதிகளில், நேர்காணலில் மூன்றைப் பார்க்குமாறு சொல்லியிருந்தது: ஆய்வை நடத்தும் திறன் விண்ணப்பதாரருக்கு உண்டா, அந்நிறுவனத்தில் அந்த ஆய்வைச் செய்ய இயலுமா, அதனால் புதிய அறிவு விளையுமா? நல்ல திறனாய்வாளன் ஒரு நூலைப் பார்த்துக் கேட்கக்கூடிய கேள்விகளே இவை. ஆனால் 'பாதுகாப்பான தலைப்பாக எடுத்துக்கொள்' என்பதுதான் மாணவர் காதில் விழும் முதல் அறிவுரை. ஒரு பேராசிரியர் எட்டுப் பேருக்குமேல் நெறிப்படுத்தக்கூடாது. இணைப் பேராசிரியருக்கு ஆறு, உதவிப் பேராசிரியருக்கு நான்கு. இடம் அரிதாக இருக்கும்போது, நெறியாளர் மனம் கோணாத தலைப்பைத் தேடுவது மனித இயல்பு.

பணத்தின் கதையையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. சிறுபான்மை மாணவருக்கென 2009இல் தொடங்கிய மௌலானா ஆசாத் ஆய்வு உதவித்தொகை நிறுத்தப்படுவதாக நாடாளுமன்றத்தில் அறிவிக்கப்பட்டது 2022 டிசம்பர் 8ஆம் நாள். மாண்டஸ் கரை கடந்ததற்கு முந்தைய நாள். இப்பொழுது நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தேறியோருக்கே மாதம் 37,000 ரூபாய் கிடைக்கும். 2024 ஜூன் முதல் அத்தேர்வின் மதிப்பெண்ணே சேர்க்கைக்கும் கொள்ளப்படுகிறது. மதிப்பெண்ணுக்கு எழுபது பங்கு, நேர்காணலுக்கு முப்பது. அந்த முப்பதில்தான் திட்டவரைவு பேசவேண்டும்.

நம் குடும்பங்களுக்கும் இதில் பங்குண்டு. பி.எஸ். அப்துர் ரஹ்மான் அவர்கள் வண்டலூரில் 1984இல் கிரசென்ட் பொறியியற் கல்லூரியைத் தோற்றுவித்த காலந்தொட்டு, பொறியியல் என்றால் நம் வீடுகளுக்கு விளங்கும். ஊடக ஆய்வு என்றால், "சினிமாப் படிப்பா?" என்று கேட்கிறார்கள். நண்பரும் அதைத்தான் கேட்டார், பிறகு, "எத்தனை வருஷம் ஆகும்?" என்றார். குறைந்தது மூன்று ஆண்டு, பொதுவாக ஆறு, பெண்களுக்குப் பத்துவரை நீட்டிக்க 2022 விதிகள் இடந்தருகின்றன, மகப்பேற்றுக்கு 240 நாள் விடுப்பும் உண்டு என்றோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். அவர் கவலை நமக்குத் தெரியாததன்று. பத்தாண்டுகளைக் கொடுத்து வாங்கும் பட்டம் யாருக்கும் வேண்டாத இருநூறு படிவங்களின் சதவீதமாக முடிந்தால், அந்த மௌனத்திற்கு நம்மிடம் என்ன மறுமொழி இருக்கும்?

ஒரு மாதம் கழித்து மாணவி புதிய திட்டவரைவை அனுப்பினார். ஏழே பக்கங்கள். கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையுள்ள கடலோர வீடுகளில், புயல் எச்சரிக்கை எவ்வழியே வருகிறது, எக்குரலில் வரும்போது வீட்டைவிட்டுப் புறப்படுகிறார்கள் என்பது பொருள். மாண்டஸ் இரவு அதில் முதற்பத்தியாக நிற்கிறது. முன்னதைவிட இது பன்மடங்கு உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் நம் சிவப்பு மை இரண்டு இடங்களில் விழுந்திருக்கிறது. மக்கள் நிறுவனங்களைவிட அண்டை வீட்டாரையே நம்புகிறார்கள் என்று மூன்றாம் பக்கத்திலேயே முடிவு கூறிவிட்டார். நன்னிமா ஒருவர், கடற்கரை முழுவதும் ஆகமாட்டார். இரண்டாவது, முன்னோட்டமாகப் பன்னிரண்டு வீடுகளில் பேசியதாக எழுதியிருக்கிறார். விசாரித்தபோது, எல்லா வீட்டிலும் தாய்மாமன் உடன் இருந்ததாகவும், பெண்களிடம் கேட்ட கேள்விகளுக்கும் திண்ணையிலிருந்த ஆண்களே விடை சொன்னதாகவும் தெரியவந்தது. மீன் விற்கும் அந்த அம்மாளை இன்னும் பார்க்கவே இல்லையாம். விடியற்காலையில் கூடையோடு போய்விடுகிறாராம்.

வருகிற வெள்ளிக்கிழமை தாயாரை மட்டும் அழைத்துக்கொண்டு மறுபடியும் கோவளம் போவதாகவும், ஃபஜ்ருக்கு முன்னரே கரைக்குச் சென்றுவிடுவதாகவும் எழுதியிருக்கிறார். நேர்காணலுக்கு இன்னும் பதினெட்டு நாட்கள் இருக்கின்றன.