கண்டி நகர்க் கட்டடங்களில் தன்னியக்க நீர்த்தெளிப்பான்: விதியின் வலிமையும் அது காணாத மலைச்சரிவும்

ஒரு கட்டடத்தில் தீப்பற்றிய சில நிமிடங்களுக்குள், மனித உதவியை எதிர்பாராமல், தீ எழுந்த இடத்தின் மீதே தண்ணீரைக் கொட்டும் தன்னியக்க நீர்த்தெளிப்பான் அமைப்பு, தீயணைப்பு வண்டி எளிதில் நெருங்க இயலாத நகரங்களுக்கே மிகவும் தேவைப்படுகிறது. 1807இல் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அமைப்பித்த வாவிக்கும் சூழ்ந்துள்ள குன்றுகளுக்கும் நடுவே நெருக்குண்டு கிடக்கும் கண்டி அத்தகைய நகரம். தலதா மாளிகைக்கு முன்னுள்ள வீதிப்பகுதி 1998ஆம் ஆண்டுக் குண்டுவெடிப்புக்குப் பின் வாகனங்களுக்கு மூடப்பட்டது. கொழும்பு வீதியிலும் யட்டிநுவர வீதியிலும் கடைகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்க, பல கட்டடங்களில் கீழே துணிக்கடையும் இடையே களஞ்சியமும் மேலே குடியிருப்பும் ஒரே படிக்கட்டை நம்பியுள்ளன. 2019இல் யட்டிநுவர வீதியின் மாடிக் கட்டடம் ஒன்றில் தீ பரவியபோது மேல்மாடியில் சிக்கிய குடும்பத்தினர், கீழே கூடிநின்ற மக்கள் ஏந்திக்கொண்டதாலேயே உயிர் தப்பினர். அம்மக்களின் துணிவு போற்றத்தக்கது. ஆயினும் ஒரு நகரத்தின் தீப்பாதுகாப்பு வழிப்போக்கரின் கைகளில் தங்கியிருக்கலாகாது.

தெளிப்பானின் இயக்கம் எளிமையானது. கூரையை ஒட்டி ஓடும் குழாயில் எந்நேரமும் அழுத்தத்துடன் தண்ணீர் நிற்க, ஒவ்வொரு தெளிப்பானின் வாயையும் திரவம் நிரம்பிய சிறு கண்ணாடிக் குமிழ் ஒன்று அடைத்திருக்கும். சுற்றியுள்ள காற்றின் வெப்பம் குறித்த அளவை எட்டியதும் திரவம் விரிந்து குமிழ் உடைய, அந்த ஒரு வாய் மட்டும் திறக்கும். சிவப்புக் குமிழ் 68 பாகையிலும், பச்சைக் குமிழ் 93 பாகையிலும் உடையும். ஒன்று திறந்தால் கட்டடம் முழுவதும் மழை பொழிந்து சரக்கெல்லாம் நனையும் என்று வணிகர்கள் அஞ்சுவதற்கு ஆதாரமில்லை. பனி உறையாத கண்டிக்கு, குழாயில் எப்போதும் தண்ணீர் நிற்கும் இந்த எளிய வகையே போதும். குளிர்நாடுகளில் வேண்டப்படும் வறண்ட குழாய் அமைப்பின் சிக்கல் இங்கு இல்லை. எனினும் குமிழின் வெப்ப அளவு அவ்விடத்தின் உச்ச வெப்பத்தைவிடக் குறைந்தது 30 பாகை உயர்ந்திருக்க வேண்டுமாதலால், காற்றோட்டமற்ற தகரக் கூரையின் கீழ் சிவப்புக் குமிழைப் பொருத்துவது தவறாகும்.

இலங்கையில் நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகார சபையின் தீ ஒழுங்குவிதிகளும், நகர அபிவிருத்தி அதிகார சபையின் திட்டமிடல் விதிகளும் இத்துறையை நெறிப்படுத்துகின்றன. நுணுக்கக் கணக்குக்குப் பொறியியலாளர்கள் ஐரோப்பிய நியமமான இஎன் 12845ஐயோ அமெரிக்க நியமமான என்எஃப்பிஏ 13ஐயோ நாடுகின்றனர். இந்நியமங்களின் உண்மையான வலிமை, அச்சத்தை அளவாக மாற்றியதில் உள்ளது. ஐரோப்பிய நியமம் அங்காடிகளைச் சாதாரண ஆபத்தின் மூன்றாம் பிரிவில் வைத்து, 216 சதுர மீற்றர் பரப்பில் நிமிடத்துக்கு 5 மில்லிமீற்றர் வீதம் 60 நிமிடம் தண்ணீர் விழ வேண்டும் என்கிறது. பெருக்கிப் பார்த்தால் நிமிடத்துக்கு 1,080 லீற்றர், ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 65,000 லீற்றர். ஒரு தெளிப்பான் 12 சதுர மீற்றருக்கு மேல் காக்கக் கூடாதாகையால் அதற்கு நிமிடத்துக்கு 60 லீற்றர் தேவை. வழக்கமான அரை அங்குலத் தெளிப்பானில் அதற்குச் சற்றேறக்குறைய 0.56 பார் அழுத்தம் வேண்டும். மிகத் தொலைவிலுள்ள தெளிப்பானுக்கு அந்த அழுத்தம் கிடைக்கும்படி குழாய்களின் விட்டத்தைத் தீர்மானிப்பதே வடிவமைப்பின் சாரம். எவர் கணக்கிட்டாலும் மற்றொருவர் சரிபார்க்கக்கூடிய இவ்வெளிப்படைத்தன்மையை ஊகத்தாலும் அனுபவத்தாலும் ஈடுசெய்ய முடியாது.

குறை, இக்கணக்கு ஒரு காணியின் எல்லைக்குள் அடைபட்டிருப்பதில் தொடங்குகிறது. கண்டி சிற்றி சென்ரர் போன்ற பெரிய வளாகம் நிலத்தடியில் தாங்கி கட்டிக்கொள்ள இடமுடையது. ஆறு மீற்றர் அகலமும் இருபது மீற்றர் நீளமுமான கடையிலோ, ஒரு மாடியின் முழுப்பரப்பே 120 சதுர மீற்றர் என்பதால் தேவை குறைந்தாலும், 36,000 லீற்றர், அதாவது 36 தொன் தண்ணீர் எஞ்சி நிற்கும். அச்சுமையைப் பழைய செங்கற் சுவர்களின் மேல் ஏற்றுவது தீயைவிடப் பெரிய ஆபத்தாக முடியலாம். நிலத்தடியில் தோண்டினால் அடுத்த கடையின் அத்திவாரம் ஆட்டம் காணும். நிறைவேற்ற முடியாத விதி, விலக்குக் கோருவதையே இயல்பாக்கிவிடுகிறது. அவ்வாறு விலக்குப் பெறும் கட்டடங்கள்தாம் தீப்பிடித்தால் தப்ப வழியற்றவை என்பது இதிலுள்ள கொடிய முரண்.

இரண்டாவது குறை பம்பை நம்பியிருப்பதில் உள்ளது. மின்சாரம் தடைப்பட்டால் டீசல் பம்ப் இயங்கும் என்ற ஏற்பாடு, இரண்டும் ஒரே வேளையில் இல்லாது போகா என்னும் எடுகோளின் மீது நிற்கிறது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நீடிக்க, டீசலுக்காக வாகனங்கள் நெடுவரிசையில் காத்துக் கிடந்தபோது, அந்த எடுகோள் நாடு முழுவதும் தகர்ந்தது.

இவ்விரு குறைகளுக்குமான விடை கண்டியின் நிலவமைப்பிலேயே இருக்கிறது. தண்ணீர் 10 மீற்றர் உயரத்தில் நின்றால் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் தரும். வீதி மட்டத்திலிருந்து 40 மீற்றர் உயரமான சரிவில் ஒரு பொதுத் தாங்கி அமைந்தால், 12 மீற்றர் உயரத்திலுள்ள மேல்மாடித் தெளிப்பானுக்கு 2.7 பார் அளவில் அழுத்தம் உண்டு. குழாய் உராய்வில் பாதி தொலைந்தாலும் தேவையைவிட இருமடங்குக்கு மேல் எஞ்சும். பம்பும் வேண்டா, டீசலும் வேண்டா. இதில் புதுமையும் இல்லை: ஆங்கிலேயர் காலத்தில் துனுமடலாவக் காட்டில் தேக்கப்பட்ட நீர் மேட்டிலிருந்து நகருக்கு இறங்கி வந்ததுதான். ஐரோப்பிய நியமமும் உயர்நிலைத் தாங்கியை ஏற்கத்தக்க நீர்மூலமாகக் கொள்கிறது. ஆகவே தடை பொறியியலில் இல்லை, காணிக்கொரு தாங்கி எனும் அனுமதி நடைமுறையில் இருக்கிறது. அடுத்தடுத்த இருபது கடைகளில் ஒரே நேரத்தில் தனித்தனித் தீ எழுவது அரிதாகையால், அவை இருபது தாங்கிகளுக்குப் பதில் ஒன்றைப் பகிரலாம். தீ பொதுச்சுவர் தாண்டும் வாய்ப்பைக் கருதி, அதன் கொள்ளளவைத் தனிக்கடையின் 36,000 லீற்றருக்கு மேல், முழு 65,000 லீற்றராக வைப்பது பொருத்தமாகும்.

1988 முதல் உலக மரபுரிமைப் பட்டியலில் உள்ள இந்நகரில் தாங்கியின் தோற்றம் மலைக்காட்சியைக் கெடுக்கும் என்ற எதிர்ப்பு எழக்கூடும். பாதி மண்ணுள் புதைத்துக் கட்டினால் அது தீரும். மண்சரிவு ஆபத்துள்ள சரிவுகளை விலக்கி இடம் தேர்வதே கடினமான வேலை.

அதனினும் கடினமானது பராமரிப்பு. தெளிப்பான் அமைப்புகள் தீயின்போது இயங்காமற் போவதற்கு முதன்மைக் காரணம், ஏதோ ஒரு திருத்தத்துக்காக வால்வை மூடியவர்கள் மீண்டும் திறவாமல் விடுவதே. அனுமதிச் சான்றிதழ் வழங்கும் நாளில் திறந்திருந்த வால்வு அடுத்த ஆண்டும் திறந்திருக்கிறதா என்பதற்குச் சான்றிதழ் பொறுப்பேற்பதில்லை. பொதுத் தாங்கி அமைந்தால் இக்கேள்வி இருபது கடைக்காரருக்கும் பொதுவாகி, ஒருவருக்கும் உரியதல்லாமற் போகும். ஆகையால் முதன்மை வால்வின் சாவியை மாநகர சபையின் தீயணைப்புப் பிரிவே வைத்திருந்து, மூன்று மாதத்துக்கொருமுறை கடைசிக் கடையின் சோதனைக் குழாயைத் திறந்து அழுத்தத்தைப் பதிவுசெய்வதும், அதற்கான செலவைப் பயன்பெறும் கடைகளின் சோலைவரியோடு சேர்த்து அறவிடுவதும் விதியிலேயே எழுதப்பட வேண்டும்.