ஓசி அறையின் விலை

'பெரிய ஹோட்டல்ல ஓசியில ஒரு ராத்திரி' என்றுதான் மர்ம வாடிக்கையாளர் வேலையைப் பலரும் சொல்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. 2024 முதல் ஹோட்டல்களுக்குச் சாவிகள் வழங்கும் மிஷெலினின் ஆய்வாளர்கள் சம்பள ஊழியர்கள். பில் நிறுவனத்தின் பொறுப்பு. துண்டு வேலைக்குப் போகிறவர் பெரும்பாலும் முதலில் கைக்காசைப் போடணும். அறிக்கையை ஏற்றால்தான் பணம் திரும்பும். போனை எத்தனை மணியடிப்பில் எடுத்தார்கள், சாப்பாடு எத்தனை நிமிஷத்தில் வந்தது, கொண்டுவந்தவர் பெயர் என்ன, எல்லாம் குறிக்கணும். அது ஓய்வில்லை, நைட் ஷிஃப்ட். அதைவிட உறுத்துவது அந்தப் பெயர்தான்: நாம் போடும் மதிப்பெண் அவர் வேலையைத் தொடும். எழுதும் நேரத்துக்கும் கூலி உண்டு, நிதானமாக எழுத முடியும் என்றால் எடுக்கலாம். அறைக்காக மட்டும்னா வேண்டாம்.