பால் நிறுத்தமும் ஒரு மருந்துச் சீட்டுதான்

யாழ்ப்பாணத்தில் பால்குடிப் பிள்ளையின் தாய்க்கு வருத்தம் வந்தால், மருந்துக்கு முன்பே ஒரு கட்டளை வந்துவிடும்: “குளிசை குடிக்கிறாய், இனிப் பிள்ளைக்குப் பால் குடாதை.” சொல்பவர் மாமியாகவோ மருந்துக்கடைக்காரராகவோ இருக்கலாம், நோயாளர் வரிசை நீண்டுவிட்ட வைத்தியராகவும் இருக்கலாம். மருந்தின் பெயரும் வேளையும் நாள்கணக்கும் சீட்டில் எழுதப்படுகின்றன. பாலை நிறுத்துவது மட்டும் வாய்ச்சொல்லோடு போய்விடுகிறது. எத்தனை நாளைக்கு நிறுத்துவது, அதுவரை பிள்ளை எதைக் குடிக்கும், மார்பில் கட்டும் பாலை என்ன செய்வது என்பதற்கு எழுத்தில் ஒரு வரியும் இராது. இந்த வழக்கத்தை மூடத்தனம் என்று தள்ளிவிட நான் தயாரில்லை. தாயின் நோய்க்காகப் பால் மறக்கச் செய்ய வேண்டிய நிலைமைகள் உண்மையிலேயே உண்டு. ஆனால் பால் நிறுத்தமும் ஒரு சிகிச்சைதான். அதற்கும் அளவும் காலமும் பக்கவிளைவும் உண்டு. செலவில்லாத முன்னெச்சரிக்கை என்று அதை எண்ணுவதிலேயே பிழை தொடங்குகிறது.

வழக்கத்தின் வேர் பலமானது. பிள்ளைக்கு நோய் என்றால் தாய் பத்தியம் காப்பதும், தாய்க்கு மருந்து கொடுத்துப் பிள்ளையைக் குணமாக்க முயல்வதும் நம் நாட்டு வைத்தியத்துக்குப் புதியவையல்ல. தாய் உண்பது பாலில் இறங்கும் என்ற அந்த அறிவை இன்றைய மருந்தியலும் மறுக்கவில்லை. எவ்வளவு இறங்கும் என்று அளந்து பார்த்தது, அவ்வளவுதான். உடல் எடைக்கு ஏற்பக் கணக்கிட்டால், தாய் எடுக்கும் மருந்தில் பத்திலொரு பங்குக்கும் குறைவாகவே பிள்ளையைச் சேர்கிறதென்றால் பெரும்பாலும் அச்சமில்லை என்பது பொது அளவுகோல். அமொக்சிசிலின், பரசிற்றமோல் போன்ற அன்றாட மருந்துகள் இந்த எல்லைக்குள் எளிதாக அடங்குகின்றன. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் 2009இல் வெளியிட்ட பட்டியலில், தாயின் நிலை காரணமாகப் பாலைத் தவிர்க்கவோ இடைநிறுத்தவோ வேண்டிய காரணங்கள் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். புற்றுநோய்க்கான நச்சு மருந்துகளும் தைரொயிட்டுக்குக் கொடுக்கும் கதிரியக்க அயடினும் அதில் உண்டு. தெல்லிப்பழையில் புற்றுநோய்ச் சிகிச்சை பெறும் இளம் தாய் ஒருத்திக்குப் பாலை நிறுத்தச் சொல்வது கட்டாயக் கடமை. சாதாரணக் காய்ச்சல் அந்தப் பட்டியலில் இல்லை. காசநோயும் மஞ்சட்காமாலை பி வைரசும், உரிய பாதுகாப்போடு, பால் தொடரக்கூடிய நோய்களாகவே அதில் சொல்லப்படுகின்றன. மார்பு அழற்சியில் வழக்கம் நேர்மாறாகவே போய்விடுகிறது: பால் வெளியேறுவதே அங்கு வைத்தியத்தின் பாதி, நிறுத்தினால் கட்டியாகிச் சீழ் பிடிக்கலாம்.

“சந்தேகம் என்றால் நிறுத்திவிடுவதுதானே நல்லது? பால்மா இருக்கிறதே” என்று கேட்கலாம். இந்தக் கேள்விக்குக் கொழும்பில் ஒரு விடையும் யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் வேறு விடையும் உண்டு. பால்மா தனியாக வருவதில்லை, தண்ணீரோடு வருகிறது. வற்றாத ஆறில்லாத இந்தக் குடாநாட்டில் தண்ணீர் என்றால் சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கிய மழைநீர்தான். அந்தக் கல்லில் வெடிப்பும் துவாரமும் அதிகம். மேலே கொட்டுவதெல்லாம் விரைவில் கீழே இறங்கும். வெங்காயமும் புகையிலையும் விளையும் செம்மண் தறைகளில் இடும் யூரியாவும், கிணற்றுக்குக் கிட்ட வெட்டிய மலகூடக் குழிகளின் கசிவும் நைத்திரேற்றாகக் கிணற்றில் சேர்கின்றன. லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. அதைத் தாண்டிய கிணறுகளை வலிகாமத்தில் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். ஆறு மாதம் நிறையாத பிள்ளையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் திறனை நைத்திரேற்று கெடுக்கக்கூடும். உடல் நீலம் பாரிக்கும் அந்த நோய் போத்தல் பிள்ளைகளோடு சேர்த்தே பேசப்படுகிறது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று சாகாது. ஆவி போன அளவுக்கு அது செறியும். தாய்ப்பாலிலோ, தாய் அதே கிணற்றுநீரைக் குடித்தாலும், நைத்திரேற்று பெரிதாக ஏறுவதில்லை. தாளையடியில் 2024இல் திறந்த கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்தின் குழாய் வந்த வீட்டில் இந்த வாதம் தளரும். கிணற்றையே நம்பும் வீட்டில், பாலை நிறுத்து என்பவர் கிணற்றைப் பற்றியும் கேட்டாக வேண்டும். விலையும் சிறிய விடயமல்ல. 2022 மார்ச்சில் சாதாரணப் பால்மாவே கிலோவுக்கு ஒரே தடவையில் 600 ரூபாய் ஏறியது. அப்படியான காலத்தில் கரண்டியைக் குறைத்துக் கரைப்பதுதான் ஏழை வீட்டுக்கு எஞ்சும் வழி.

பிள்ளையை விட்டுத் தாயை மட்டும் பார்த்தாலும் திடீர் நிறுத்தம் இலவசமல்ல. மார்பு கல்லாகும், காய்ச்சல் காயும், ஏற்கெனவே நோயாளியான உடம்பில் இன்னொரு நோ சேரும். நம்மவர் மல்லிகைப்பூ வைத்துக் கட்டும் கைவைத்தியத்தைச் சிரித்துத் தள்ளவும் வேண்டாம். வேலூரில் செய்து 1988இல் வெளியான ஆய்வொன்று, பால் வற்றச் செய்வதில் அது புரோமோகிரிப்ரின் குளிசைக்கு ஏறத்தாழச் சமமாக நின்றதைக் காட்டியது. அதே குளிசையைப் பால் வற்றவைக்கக் கொடுப்பது, பாரதூரமான பக்கவிளைவுகள் காரணமாக, 1990களின் நடுவில் அமெரிக்காவில் கைவிடப்பட்டது. முலையில் வேப்பெண்ணெய் பூசிப் பிள்ளையை வெருட்டும் முறைக்கு என்னிடம் இப்படி நல்ல சொல் இல்லை. அது ஒரே நாளில் அறுப்பது. நேரமிருந்தால் சில நாளுக்கொரு வேளையாகக் குறைத்து வருவதே தாய்க்கும் பிள்ளைக்கும் நோகாத வழி.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஓர் ஆட்சேபம் உண்டு, அது எனக்கு இன்னும் கனமானதாகப் படுகிறது. 2016இன் குடிசனவியல் சுகாதார அளவீட்டின்படி, இலங்கையில் ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 82 பேர் தாய்ப்பால் மட்டுமே குடித்தார்கள். பெருமைக்குரிய கணக்கு. ஆனால் சுவரொட்டியும் கிளினிக்கும் மருத்துவமாதும் ஒரே குரலில் தாய்ப்பாலைப் போற்றும் நாட்டில், நிறுத்தியே தீரவேண்டிய தாய் குற்றவாளிபோல் குனிந்து நிற்கிறாள். பிள்ளைப்பேற்றுக்குப் பின் மனம் உடைந்து, இரவெல்லாம் நித்திரையின்றித் தவிப்பவளுக்குச் சேர்த்திரலின் போன்ற மருந்தைப் பாலை நிறுத்தாமலே கொடுக்கலாம் என்பது உண்மைதான். அதைச் சொல்லி அவளை இன்னும் ஆறு மாதம் கட்டிப்போடுவதும் சரியா? லிதியம் தேவைப்படுபவளின் நிலை இதைவிடச் சிக்கலானது. பிள்ளையின் இரத்தத்தைச் சோதித்துக் கண்காணிக்க முடியாத இடத்தில் பாலை நிறுத்துவதே அறிவு. இங்கே பழைய வழக்கத்துக்கு நான் ஒரு மதிப்பெண் கூடுதலாகவே போடுவேன். தாயின் உடம்பும் ஓர் உடம்பு என்று, முரட்டுத்தனமாகவேனும், அது ஒப்புக்கொள்கிறது. பாற்சுறாவும் சரக்குக் கறியும் வைத்து அவளைத் தேற்றும் வீடுகள், அவள் இழப்பதை ஈடுசெய்ய வேண்டும் என்று அறிந்தவை. பாலூட்டும் தாய்க்கு நாளுக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாகத் தேவை. சோகை பிடித்தவளுக்கு முதல் வைத்தியம் சாப்பாடும் இரும்புச்சத்தும் ஓய்வுமாக இருக்கட்டும். பாலை அறுப்பது அவற்றின் பின்னே வரட்டும்.

மருந்துப் பெட்டிக்குள் மடித்த தாள் ஆங்கிலத்தில் “பாலூட்டும்போது தவிர்க்கவும்” என்கிறது. வழக்குக்கு அஞ்சும் கம்பனியின் வாசகம் அது. ஆய்வின் முடிவாக இருக்கவேண்டும் என்ற கட்டாயமில்லை. அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன் 1857இலேயே மகப்பேற்று நூலொன்றைத் தமிழில் தந்த ஊரில், இந்தத் தாளை வாசிக்கத் தாய் இன்னொருவரைத் தேடுகிறாள். சீட்டில் நான்கு வரி தமிழில் கூடினால் போதும்: எந்த மருந்துக்காக, எத்தனை நாள், அதுவரை மாற்று எது, எந்தத் தண்ணீரில். இடைநிறுத்தம்தான் என்றால் பாலைப் பிழிந்து ஊற்றிவிட்டுச் சுரப்பை எப்படிக் காப்பது என்று ஐந்தாவது வரி. கதிரியக்க அயடின் என்றால் அந்த ஐந்தாவது வரி வேறு: இந்தப் பிள்ளைக்கு இனிப் பால் இல்லை, சிகிச்சைக்குச் சில வாரம் முன்பே மறக்கச் செய்யவும்.